தண்ணீர் கலங்கிய டோஃபுவைக் கழுவி வதக்கிச் சாப்பிடலாமா?

வாசகர் கேள்வி: டோஃபு பாக்கெட்டைப் பிரித்துப் பாதியைச் சமைத்துவிட்டு, மீதியை அதே தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்தேன். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் கலங்கியிருந்தது, லேசாகப் புளிப்பு வாடையும் வந்தது. வீணாக்க மனசு வரவில்லை. இரண்டு முறை கழுவி, எண்ணெயில் நன்றாக வதக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாள் என் மாமியாருக்கு வயிற்றுப்போக்கு. அவருக்கு 72 வயது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளும் இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறாள். அவள் தினமும் மென்மையான டோஃபுவைப் பழத்தோடு அடித்துப் பச்சையாகவே குடிக்கிறாள். சைவ உணவு, கொதித்த சோயாப் பாலில் செய்தது, நான் வேறு மறுபடி வதக்கியிருக்கிறேன். இதில் கிருமி எங்கிருந்து வரும்? பேசாமல் வீட்டிலேயே செய்துகொள்ளட்டுமா? மீதி நாலு துண்டு இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

வணக்கம் சகோதரி.

முதலில் உங்கள் மாமியார். நான் உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், மருத்துவர் இல்லை, அதனால் அவருடைய வயிற்றுப்போக்குக்கு அந்த டோஃபுதான் காரணமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அன்றும் முந்தின நாளும் அவர் சாப்பிட்ட வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் 72 வயதில் உடம்பிலிருந்து நீர் போவது வேகமாக ஆளைச் சாய்த்துவிடும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கி வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொதித்த பாலில் செய்தது, சைவம், மறுபடி வதக்கியது என்று மூன்று காரணம் சொல்கிறீர்கள். நான் சந்திக்கிற படித்த, சுத்தமாகச் சமைக்கிற பலரும் சொல்வது இதையேதான். மூன்றுமே பாதி உண்மை, அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

சோயாப் பாலைக் கொதிக்கவைக்கும்போது அதில் இருந்த உயிருள்ள பாக்டீரியா அநேகமாக எல்லாம் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில பாக்டீரியாக்கள் காலம் சரியில்லை என்றால் தங்களைச் சுற்றி ஒரு தடித்த ஓட்டை உண்டாக்கிக்கொண்டு விதை மாதிரி உறங்கிவிடும். இவற்றை வித்துகள் என்கிறோம். மண்ணில் விளைகிற எந்தப் பயறிலும் பேசில்லஸ் சீரியஸ் போன்றவற்றின் வித்துகள் இருப்பது சகஜம். 100 டிகிரி செல்சியஸில் நீங்கள் காய்ச்சினாலும் அவை தாங்கிக்கொள்ளும். பால் சூடு ஆறி வெதுவெதுப்பாகிற நேரத்தில் விழித்து முளைக்க ஆரம்பிக்கும். இது ஒரு வழி. இதைவிடப் பெரிய வழி, காய்ச்சி முடித்த பிறகு நடக்கிறவை எல்லாம்: திரிந்த பாலைப் பிழிகிற துணி, மேலே வைக்கிற பலகை, வெட்டுகிற கத்தி, எடுத்துப் போடுகிற கை, குளிர்விக்க ஊற்றுகிற தண்ணீர். ஒருமுறை ஒரு சிறிய தயாரிப்புக்கூடத்திலிருந்து வந்த மாதிரிகளைச் சோதித்தோம். காய்ச்சிய பால் சுத்தமாக இருந்தது, அப்போதுதான் திரிந்த கட்டியும் சுத்தம், ஆனால் பிழிதுணியில் தேய்த்து எடுத்த மாதிரியைத் தட்டில் வளர்த்தால் மறுநாள் எண்ண முடியாத அளவுக்கு மண்டியிருந்தது. அவர்கள் துணியைத் தினமும் துவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கொதிக்கவைக்கவும் இல்லை, சரியாகக் காயவைக்கவும் இல்லை.

டோஃபு மேல் ஏறுகிற பாக்டீரியாவுக்கு அது அருமையான வீடு. ஈரம் நிறைய, வகையைப் பொறுத்து எடையில் 70 முதல் 90 சதவீதம்வரை தண்ணீர்தான். புரதம் உண்டு. ஊறுகாய்போல உப்போ புளிப்போ அதிகம் இல்லை, புளிப்பைக் காட்டுகிற பி.எச். அளவு ஏறக்குறைய நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வைத்துக்கொண்டால், 7 மணி நேரத்தில் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த வேகம் கதகதப்பில்தான், ஃபிரிட்ஜில் இல்லை. அதனால்தான் 5 முதல் 60 டிகிரிவரை உள்ள இடைவெளியில் உணவு எவ்வளவு நேரம் கிடந்தது என்று நாங்கள் குடைந்து குடைந்து கேட்போம். மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்துகிற நாளில் ஒரு மணி நேரம்தான். கடையிலிருந்து வீட்டுக்கு வந்த நேரம், தண்ணீர் வடியட்டும் என்று மேலே கனம் வைத்து மேடையில் விட்டுவைத்த நேரம், மசாலாவில் ஊறிய நேரம், எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே செய்யலாம், ருசி ஒன்றும் குறையாது.

சைவ உணவில் கிருமி வராது என்கிற நம்பிக்கைக்குப் பதிலாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1981 கடைசியிலும் 1982 தொடக்கத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு யெர்சினியா என்ற பாக்டீரியாவால் குடல் நோய் வந்தது. யெர்சினியாவைப் பொதுவாகப் பன்றி இறைச்சியோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். தேடிப் போனபோது கிடைத்தது டோஃபு. அந்த டோஃபுவைச் சுத்திகரிக்காத ஊற்றுத் தண்ணீரில் போட்டு அடைத்து விற்றிருக்கிறார்கள், அந்தத் தண்ணீரிலும் யெர்சினியா இருந்தது. சோயாவிலும் குறையில்லை, காய்ச்சியதிலும் குறையில்லை. பார்க்கத் தெளிவாக இருந்த ஊற்றுத் தண்ணீரிலிருந்து வந்த வினை. யெர்சினியாவுக்கு இன்னொரு குணம் உண்டு: ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். வலது பக்க அடிவயிற்றில் வலி வரவழைத்துக் குடல்வால் அழற்சியோ என்று மருத்துவரையே குழப்பும்.

அப்புறம் மறுபடி வதக்கியது. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். சூடு பாக்டீரியாவைக் கொல்லும், சரி. ஆனால் சில பாக்டீரியாக்கள் உணவில் பெருகும்போதே நஞ்சைச் சுரந்து விட்டுவைக்கின்றன, அந்த நஞ்சு பாக்டீரியா செத்த பிறகும் அங்கேயே இருக்கும். பேசில்லஸ் சீரியஸில் சில ரகங்கள் சுரக்கிற வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது, உங்கள் வாணலி அதை ஒன்றும் செய்யாது. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸின் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கும். கழுவுவதும் இப்படித்தான், மேலே ஒட்டியிருக்கிற கொழகொழப்பு போகும், உள்ளே நுண்துளைகளில் இறங்கியது போகாது. இன்னொன்று, டோஃபு முக்கால்வாசி தண்ணீர் என்பதால் குளிர்ந்த கனமான துண்டு வெளியே பொன்னிறமாக முறுகினாலும் நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கலாம். ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நடுவிலிருந்து ஆவி பறக்க வேண்டும். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

உங்கள் டோஃபுவில் அந்த நஞ்சுகள் இருந்தன என்று நான் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் உண்மையிலேயே குளிர்ந்திருந்தால் இந்த இரண்டும் அங்கே அவ்வளவாகப் பெருகாது. கலங்கல், புளிப்பு, கொழகொழப்பு, இவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா மாதிரியானவற்றின் வேலை. அவை உணவைக் கெடுக்கும், ஆளை மோசமாகப் படுக்கவைப்பது குறைவு. பிறகு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், புளிப்பு வாடை வருகிற அளவுக்கு ஒன்று வளர நேரமும் சூடும் கிடைத்திருக்கிறது, அதே நேரமும் சூடும் மற்றதற்கும் கிடைத்திருக்கும். அந்த மற்றதற்கு வாடை கிடையாது. லிஸ்டீரியாவோ சால்மொனெல்லாவோ நோய் உண்டாக்குகிற அளவுக்கு இருக்கும்போதும் டோஃபு பார்க்க வெள்ளையாக, முகர்ந்தால் நல்ல சோயா வாசனையோடு இருக்கலாம். அதனால் மூக்கு “கெட்டுவிட்டது” என்று சொன்னால் நம்புங்கள். “நன்றாக இருக்கிறது” என்று சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், பாக்கெட்டைப் பிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள்.

நான்கே நாளில் இவ்வளவு கலங்கியிருக்கிறது என்றால் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, நீங்கள் பாக்கெட் தண்ணீரையே ஊற்றி வைத்து ஒருநாளும் மாற்றவில்லை. இரண்டு, கதவுத் தட்டு. ஃபிரிட்ஜிலேயே சூடான இடம் அது, திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அதன்மேல்தான் படும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, டோஃபு வைக்கிற இடத்தில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். 8, 9 என்று காட்டினால் டோஃபு மட்டுமில்லை, அந்த ஃபிரிட்ஜில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பிரித்த டோஃபுவை இப்படி வையுங்கள்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான கத்தியால் தேவையானதை மட்டும் வெட்டி எடுங்கள், மீதியைச் சோப்பால் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு, கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரை மூழ்கும்வரை ஊற்றி, உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ஐந்து நாள்வரை வைக்கலாம் என்று சில பாக்கெட்டில் எழுதியிருக்கும், அதுவும் தவறில்லை, ஆனால் வயதானவரும் கர்ப்பிணியும் இருக்கிற வீட்டில் நான் மூன்றோடு நிறுத்துவேன். தண்ணீர் மாற்றுவது கிருமியைக் கொல்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கரைந்து வந்த சத்தையும் அதில் மிதக்கிற பாக்டீரியாவையும் கொஞ்சம் வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மூன்று நாளில் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே தண்ணீரை வடித்து ஃப்ரீசரில் போடுங்கள். உறைந்ததும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம், உருகினால் வெள்ளை திரும்பிவிடும். பஞ்சு மாதிரி ஆகிக் குழம்பை நன்றாக உறிஞ்சும். உருக்குவதை ஃபிரிட்ஜுக்குள் செய்யுங்கள், மேடையில் வேண்டாம்.

இப்போது உங்கள் மகள். அவளை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலும்கூட மெல்ல நகரும். சாதாரண ஆளுக்கு வந்தால் தெரியாமலே போகலாம். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி என்று ஃப்ளூ மாதிரி இருக்கும், ஆனால் குழந்தையை அது கருச்சிதைவுவரை கொண்டுபோகலாம். அவள் சாப்பிட்ட அந்த இரண்டு துண்டுகளும் நடுவரை சூடாகியிருந்தால் லிஸ்டீரியா இருந்திருந்தாலும் செத்திருக்கும், 70 டிகிரியில் இரண்டு நிமிடம் போதும் அதற்கு. எனவே பதற வேண்டாம். ஆனால் லிஸ்டீரியா நோய் காட்டச் சில வாரங்கள்கூட எடுக்கும், இரண்டு மாதம் கழித்து வந்ததும் உண்டு. அதுவரை காய்ச்சலோ காரணம் தெரியாத உடம்பு வலியோ வந்தால் மருத்துவரிடம் போய் “இந்தத் தேதியில் கெட்டுப்போன டோஃபு சாப்பிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால்தான் ரத்தத்தை அதற்காகச் சோதிப்பார்கள், கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

அவள் பச்சையாக அடித்துக் குடிப்பது எந்த டோஃபு என்பதைப் பொறுத்தது. அலமாரியில், ஃபிரிட்ஜ் இல்லாமல் விற்கிற அட்டைப்பெட்டி மென் டோஃபு இருக்கிறதே, அது கிருமி நீக்கிய பாலைக் கிருமி நீக்கிய பெட்டியில் அடைத்து உள்ளேயே உறையவைப்பது, கையோ துணியோ தண்ணீரோ படுவதில்லை. அதை அப்போதே பிரித்து அப்போதே குடித்தால் ஆபத்து மிகக் குறைவு. பிரித்த நிமிடத்திலிருந்து அதுவும் மற்ற டோஃபு மாதிரிதான். தண்ணீரோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்பதைப் பல தயாரிப்பாளர்கள் அடைத்த பிறகும் சூடுபடுத்தித்தான் அனுப்புகிறார்கள், இருந்தாலும் ஃபிரிட்ஜ் அவசியம், கர்ப்பிணிக்கு ஆவி வரச் சூடாக்கியே கொடுங்கள். திறந்த தொட்டியில் தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்துக் கொடுக்கிற டோஃபுவைப் பச்சையாக அவள் தொடவே வேண்டாம், உங்கள் மாமியாரும்தான். எந்த வகையானாலும் பாக்கெட் உப்பியிருந்தால் பிரித்துக்கூடப் பார்க்காதீர்கள். மூன்று நிமிடம் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, உடனே ஆறவைத்துப் பழத்தோடு அடித்தால் ருசியில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று மகளிடம் சொல்லுங்கள். டோஃபுவை அவள் விட வேண்டியதில்லை, நல்ல புரதம், வேண்டிய சத்து.

வீட்டில் செய்யலாமா? தாராளமாக, புதிதாகச் செய்து அன்றே சாப்பிடுவதற்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டில் செய்ததாலேயே அது சுத்தமாகிவிடாது, தயாரிப்புக்கூடத்தில் நடக்கிற தவறுகள் எல்லாம் வீட்டுச் சமையலறையிலும் நடக்கும், சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. வெயில் காலத்தில் சோயாவை ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசி அரையுங்கள். பால் 80 டிகிரிக்கு வரும்போதே நுரை கட்டிப் பொங்கும், கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவார்கள், அது கொதி இல்லை. நெருப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே நுரை அடங்கி உண்மையாகக் கொதித்த பிறகும் பத்து நிமிடம் வையுங்கள், பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்களும் இருக்கின்றன, அவை அடங்கவும் இந்தச் சூடு வேண்டும். பிழிதுணியைச் செய்வதற்கு முன் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள், முடித்ததும் துவைத்து மறுபடி கொதிக்கவைத்து வெயிலில் முறுக்கமாகக் காயவையுங்கள். கட்டியை மேடையில் தானாக ஆறவிடாதீர்கள், வித்துகள் முளைப்பது அந்த நேரத்தில்தான். கொதித்து ஆறி ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீரைத் தயாராக வைத்து அதில் இறக்கி உடனே ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன்: டோஃபுவைப் புளிக்கவைப்பதும், எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியில் வைப்பதும். காற்றுப் புகாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் பொட்டுலினம் என்கிற பாக்டீரியாவுக்குப் போதும், அது சுரக்கிற நஞ்சு நரம்பைக் கட்டிப்போடும். 2006-இல் கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே டோஃபுவைப் பல நாள் வெளியில் புளிக்கவிட்டு ஜாடியில் போட்டுச் சாப்பிட்ட ஒரு கணவனும் மனைவியும் இந்த நோயில் விழுந்தார்கள். 2012-இல் நியூயார்க்கில் குளிரில் வைக்காமல் விற்ற டோஃபுவை வாங்கி வீட்டில் புளிக்கவைத்துச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் இதே நடந்தது. கண் இமை தொங்குவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, இப்படி ஒன்று தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனை. நஞ்சுமுறி மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பாதிப்பு குறையும்.

அந்த நாலு துண்டையும் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள், வதக்கியதாக இருந்தாலும். பாத்திரத்தைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, சிந்தியிருக்கிற அந்தக் கதவுத் தட்டையும் துடைத்துவிடுங்கள். மாமியாருக்கு நாளைக் காலை எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.